யூரோடைனமிக்ஸ் தாளை நாமே படிக்கக் கற்றுக்கொள்வது: சுங்கை சிப்புட் வட்டாரக் கிளினிக் ஆட்களுக்கு

சிப்புட்_கிளினிக்

வணக்கம் எல்லாருக்கும். சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் சிறுநீர்க் கோளாறோடு வருபவர்களை ஈப்போ யூரோலஜிக்கு எழுதி அனுப்புகிறோம். யூரோடைனமிக்ஸ் டெஸ்ட் (சிறுநீர்ப்பை நிரம்பும்போதும் பெய்யும்போதும் அழுத்தத்தையும் வேகத்தையும் அளப்பது) முடிந்து, நாலு பக்கக் கோட்டுப்படத்தோடு மருந்துக்கு மறுபடியும் நம்மிடம்தான் வருகிறார்கள். கடைசிப் பக்கத்தில் மெஷின் அச்சடித்த ஒரு வரியைப் படித்துவிட்டுத் தாளை ஃபைலில் செருகிவிடுவதுதான் வழக்கமாகிவிட்டது. அது போதாது என்று நினைக்கிறேன்.

பயிற்சிக்காக ஒரு தாளை நானே அமைத்திருக்கிறேன். இப்படி ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 64 வயது, பால்மரம் வெட்டியவர், நீண்டநாள் நீரிழிவு. குழாய் இல்லாமல் தனியாகப் பெய்த ஃப்ளோ டெஸ்டில் உச்ச வேகம் விநாடிக்கு 9 மி.லி., பெய்த அளவு 260, பையில் தங்கிய மீதம் 80. பிறகு சிறுநீர்ப்பையிலும் மலக்குடலிலும் மெல்லிய குழாய் போட்டு, பையில் தண்ணீர் நிரப்பிச் செய்த டெஸ்டில் முதல் உணர்வு 330 மி.லி.யில், 520இல் நிரப்புவதை நிறுத்தினார்கள். அப்போது பெய்தது 310, மீதம் 210, உச்ச வேகம் 6. அந்த நொடியில் சிறுநீர்ப்பை அழுத்தம் 110, வயிற்று அழுத்தம் (மலக்குடல் குழாய் காட்டுவது) 48, டெட்ரூசர் (சிறுநீர்ப்பைத் தசை) அழுத்தம் 62 செ.மீ. நீர். மெஷின் முடிவு: "அடைப்பு உள்ளது." இதை நம்பலாமா?

ஈப்போ_யூரோ

நல்ல தாள், தம்பி. முடிவுக்கு வர அவசரப்பட வேண்டாம். அடிப்படையிலிருந்து வருவோம்.

லயத்துக் குழாயில் தண்ணீர் மெல்ல வந்தால், மேல்தொட்டியில் அழுத்தம் இல்லையா, குழாய்க்குள் துரு அடைத்திருக்கிறதா என்று குழாய் முனையில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. சிறுநீர் வேகமும் அப்படித்தான். தசையின் தள்ளும் பலம், பாதையின் தடை ஆகிய இரண்டும் சேர்ந்த விளைவுதான் அந்த எண். அதனால் ஃப்ளோ தாளை மட்டும் வைத்து "புராஸ்டேட் அடைப்பு" என்று எழுதக் கூடாது.

ஆண்களுக்கு இரண்டு கணக்கு போதும். அடைப்பு எண் என்பது உச்ச வேக நொடியின் டெட்ரூசர் அழுத்தத்திலிருந்து உச்ச வேகத்தின் இரு மடங்கைக் கழித்தால் வருவது. 40க்கு மேல் போனால் அடைப்பு, 20க்குக் கீழ் இருந்தால் அடைப்பு இல்லை, நடுவில் இருப்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. சுருங்கு பல எண்ணுக்கு அதே அழுத்தத்தோடு உச்ச வேகத்தின் ஐந்து மடங்கைக் கூட்ட வேண்டும். 100க்குக் கீழ் பலவீனம், 100 முதல் 150 வரை இயல்பு, அதற்கு மேல் வலுவானது.

இரண்டு பேரை எடுங்கள், இருவருக்கும் வேகம் 6. ஒருவருக்கு அழுத்தம் 72. அடைப்பு எண் 60, பல எண் 102. தசை நன்றாகத் தள்ளுகிறது, வழிதான் இறுக்கம். இன்னொருவருக்கு அழுத்தம் 28. அடைப்பு எண் 16, பல எண் 58. வழி திறந்திருக்கிறது, தள்ளத்தான் ஆளில்லை. முதல் ஆளுக்குப் புராஸ்டேட்டைச் சுரண்டினால் பலன் கிடைக்கும். இரண்டாம் ஆளுக்கு அதே அறுவை செய்தால் ஏமாற்றமே மிஞ்ச வாய்ப்பு அதிகம். ஃப்ளோ தாளை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்றுபோல்தான் தெரிவார்கள்.

உங்கள் ஆளுக்கு 62இலிருந்து 12ஐக் கழித்தால் 50. மெஷின் கூட்டல் கழித்தலைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஆனால் அந்த 62 உண்மையான 62தானா? பெய்து முடித்த பிறகு இருமச் சொன்னார்களா? அந்த இருமலின் எண்களைப் போடுங்கள்.

சிப்புட்_கிளினிக்

நிரப்பத் தொடங்கும் முன் உட்கார்ந்த நிலையில் சிறுநீர்ப்பை 32, வயிறு 30, டெட்ரூசர் 2. அப்போது இருமியதில் இரண்டு கோடும் சமமாக எழும்பின. பெய்து முடித்த பின் இருமியபோது சிறுநீர்ப்பைக் கோடு 32இலிருந்து 112 வரை போனது. வயிற்றுக் கோடு 30இலிருந்து 70 வரை மட்டுமே.

ஈப்போ_யூரோ

விஷயம் அங்கேதான் இருக்கிறது. இருமல் வயிற்றுக்குள் எங்கும் ஒரே அளவில்தான் அழுத்தும். ஒரு கோடு 80 எழும்பி மற்றது 40 மட்டும் எழும்பினால், இடையில் எங்கோ மலக்குடல் குழாய் பாதியைத்தான் பிடித்திருக்கிறது. டெட்ரூசர் அழுத்தம் என்று தனியாக எதையும் யாரும் அளப்பதில்லை. அது சிறுநீர்ப்பை அழுத்தத்திலிருந்து வயிற்று அழுத்தத்தைக் கழித்துக் கிடைப்பது. கழிக்க வேண்டியது குறைந்தால் மிச்சம் பெருகிவிடும்.

பெய்யும்போது உங்கள் ஆளின் வயிற்றுக் கோடு 30இலிருந்து 48க்குப் போயிருக்கிறது. அதாவது முக்கியிருக்கிறார். குழாய் பாதியைத்தான் காட்டியது என்றால், உண்மையில் 18 அல்ல, 36 ஏறியிருக்கக்கூடும். அப்படியானால் வயிறு 66, டெட்ரூசர் 44. அடைப்பு எண் 32, சந்தேக எல்லை. பல எண் 74, பலவீனம். "அடைப்பு" என்று அச்சடித்த தாள் "தசைப் பலவீனம், அடைப்பு உறுதியில்லை" என்று மாறிவிடுகிறது.

ஆனால் இந்தக் கணக்கை வைத்து எண்ணைத் திருத்தி எழுதிவிடாதீர்கள். பாதிப் பிடிப்பு எந்த நொடியில் தொடங்கியது என்று நமக்குத் தெரியாது. இந்தத் தாளால் முடிவு சொல்ல முடியாது, குழாயைச் சரிசெய்து மறுபடி பெய்ய வைக்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது.

மிஸ்ஸி_பேராக்

டாக்டர் சொன்னதோடு மெஷின் பக்கத்தில் நிற்கிற மிஸ்ஸி (நர்ஸ்) பார்வையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். தாளைப் படிக்கிற நீங்களும் இதைத் தெரிந்துகொண்டால் எங்கே பிசகியது என்று கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பூஜ்யம். டிரான்ஸ்டியூசரை (அழுத்தத்தை அளக்கும் கருவி) வெளிக்காற்றுக்குத் திறந்து பூஜ்யம் வைக்க வேண்டும். உயரம் இடுப்பு முன்னெலும்பின் மேல் விளிம்புக்கு நேராக இருக்க வேண்டும். சில இடங்களில் குழாயை உள்ளே வைத்த பிறகு பட்டனை அமுக்கி இரண்டு கோட்டையும் பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். தவறு. அப்படி நடந்ததா என்பது தாளில் தெரியும். படுத்திருந்தால் சிறுநீர்ப்பை, வயிறு இரண்டும் 5 முதல் 20, உட்கார்ந்தால் 15 முதல் 40, நின்றால் 30 முதல் 50 என்று தொடங்க வேண்டும். உட்கார்ந்த ஆளுக்கு இரண்டும் 0இல் தொடங்கினால் பூஜ்யம் உள்ளேதான் வைத்திருக்கிறார்கள். டெட்ரூசர் 0ஐ ஒட்டியே இருக்க வேண்டும். 15 என்றோ கழித்தல் 15 என்றோ தொடங்கிய தாளை அங்கேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

படுத்திருந்தவரை உட்கார வைத்துவிட்டு டிரான்ஸ்டியூசர் உயரத்தை மாற்ற மறப்பதும் நடக்கும். இரண்டும் ஒரே அளவு பிசகினால் டெட்ரூசர் கோடு சரியாகவே தெரியும், ஆனால் ஒழுகும்போது எடுத்த சிறுநீர்ப்பை அழுத்தம் பொய்யாகிவிடும்.

மலக்குடல் பலூனில் கொள்ளளவில் 10 முதல் 20 விழுக்காடு தண்ணீர் போதும். இறுக நிரப்பினால் பலூனின் சொந்த இறுக்கமே வயிற்று அழுத்தமாகப் பதிவாகி, டெட்ரூசர் கோடு கழித்தலுக்குப் போகும். மலம் கட்டியிருந்தாலும் பதிவு கெடும். காற்றுக்குமிழி இருந்தால் இருமல் முனை கூர்மையாக வராமல் மழுங்கிவிடும். அப்போது ஒன்று இரண்டு மி.லி. தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவி, மறுபடி இருமச் சொல்ல வேண்டும். நிரப்பும்போது நிமிடத்துக்கு ஒரு தடவை இருமல், பெய்வதற்கு முன்பும் பின்பும் கட்டாயம். பின் இருமல் இல்லாத தாள் என்றால், பெய்த பகுதியை யாரும் சோதிக்கவில்லை என்று அர்த்தம்.

இருமும்போது டெட்ரூசர் கோட்டில் மேலும் கீழுமாக ஒரு சின்னத் துடிப்பு வந்தால் பரவாயில்லை, இரண்டு குழாயின் வேகமும் கொஞ்சம் வேறுபடும். ஒரு பக்கம் மட்டும் முனை நீட்டினால்தான் பிழை.

தோட்டத்து_டிரெஸ்ஸர்

ஈப்போ அனுப்பும் முன்னாடியே நம்ம கையில் இருக்கிற டெஸ்டை மறந்துடாதீங்க. ஓர் அளவுக் குவளை, ஒரு நோட்டு, 3 நாள். குடித்தது எவ்வளவு, பெய்தது எவ்வளவு, எத்தனை மணிக்கு, ஒழுகியதா.

தோட்டத்து ஆட்களிடம் ஒரு சிக்கல் உண்டு. மரம் வெட்டுபவர் விடியற்காலை 4.30க்கு எழுந்துவிடுவார். அந்த 4.30க்குப் பெய்ததை "ராத்திரி எழுந்தேன்" என்று எழுதிக்கொடுப்பார். தூக்கத்திலிருந்து எழுந்து மறுபடி தூங்கப் போனால்தான் அது இரவு எழுச்சி. 4.30 அவருக்குக் காலை. எண்ணிக்கையில் அதைச் சேர்க்கக் கூடாது, ஆனால் அளவில் சேர்க்கணும், ஏன்னா அந்தச் சிறுநீர் தூக்கத்தில் சுரந்தது. 24 மணி நேரத்தில் 1,800 மி.லி., தூக்கத்தில் சுரந்தது 810 என்றால் 45 விழுக்காடு. 65 வயதுக்கு மேல் 33 விழுக்காட்டைத் தாண்டினால் ராத்திரியில் சிறுநீர் அதிகம் சுரக்கிறது என்று பொருள். சிறுநீர்ப்பையில் கோளாறு தேடுவதற்கு முன் கால் வீக்கம், இதயம், குறட்டை, படுக்கும் முன் குடிக்கிற தேத்தண்ணி இதையெல்லாம் பார்க்கணும்.

மருந்துப் பையையும் கொட்டிப் பாருங்க. எம்பாகிளிஃபுளோசின், டபாகிளிஃபுளோசின் இரண்டும் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும், கூடவே தண்ணீரும் போகும். அதைத் தொடங்கிய மாதத்தில் "அடிக்கடி போகுது" என்று வந்தவருக்குச் சிறுநீர்ப்பையை அடக்கும் மருந்து கொடுத்தால் என்ன நியாயம்? அம்லோடிபின் கால் வீக்கம் தரும், படுத்ததும் அந்த நீர் ராத்திரியில் இறங்கும். நரம்பு எரிச்சலுக்குக் கொடுக்கிற அமிட்ரிப்டிலின், கடையில் வாங்குகிற சளி மாத்திரை இரண்டும் பெய்ய விடாமல் தடுக்கும்.

கோலகங்சார்_ஜிபி

ஒரு மாற்றுக் கருத்து. வயதான ஆண் எல்லாருக்கும் குழாய் போட வேண்டுமா? இங்கிலாந்தில் அப்ஸ்ட்ரீம் என்ற ஆய்வில் 820 ஆண்களைச் சீட்டுக்குலுக்கல் முறையில் பிரித்தார்கள். யூரோடைனமிக்ஸ் செய்த பிரிவில் 38 விழுக்காட்டினருக்கு அறுவை, செய்யாத பிரிவில் 36. அறிகுறி முன்னேற்றத்திலும் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெண்களுக்கு 2012இல் வெளிவந்த வேல்யூ ஆய்வும் அப்படித்தான்: இருமினால் ஒழுகும் எளிய வகையில் அறுவைக்கு முன் இந்த டெஸ்ட் செய்தாலும் செய்யாவிட்டாலும் பலன் ஏறத்தாழ 77 விழுக்காடு. நம் ஆட்களுக்கு ஒரு நாள் சம்பளம், பேருந்து, துணைக்கு ஓர் ஆள். கேள்வி இல்லாமல் டெஸ்டுக்கு அனுப்புவது சரியல்ல.

ஈப்போ_யூரோ

முழுக்க ஒத்துக்கொள்கிறேன், டாக்டர். ஆனால் அந்த ஆய்வுகள் யாரைச் சேர்த்தன என்பதையும் பார்க்க வேண்டும். அவை சிக்கலில்லாத ஆட்களைப் பற்றியவை. அப்ஸ்ட்ரீமில் நரம்பு நோய் உள்ளவர்கள் இல்லை. நமக்கு வருபவர்களில் நீண்டநாள் நீரிழிவு அதிகம். 2019 தேசிய உடல்நல ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இன வாரியாக இந்தியர்களுக்கே அதிகம். இந்த இழையில் உள்ள ஆளைப் போல 330 மி.லி. வரை உணர்வே இல்லை, தசையும் தளர்வு என்றால் அது நீரிழிவு நரம்புச் சிதைவின் முகம். அங்கே கேள்வி இருக்கிறது: அறுவை பலன் தருமா? அதற்குத்தான் டெஸ்ட்.

முதலில் கேள்வியை எழுதுங்கள். கேள்வியே எழுத வரவில்லை என்றால் அனுப்ப வேண்டாம். இன்னொன்று: இரத்தம் கலந்த சிறுநீர், ஏறும் கிரியேட்டினின் (சிறுநீரகப் பழுதைக் காட்டும் இரத்த அளவு), தொட்டுப் பார்த்தாலே தெரியும் நிரம்பிய பை, இவற்றுக்கு யூரோடைனமிக்ஸ் வரிசையில் காத்திருக்கக் கூடாது. நேராக அனுப்புங்கள்.

மறுவாழ்வுப்_பிரிவு

முதுகுத்தண்டு அடிபட்டவர்களைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. செம்பனைக் குலை விழுந்தும், மோட்டார் சைக்கிள் விபத்திலும் தண்டுவடம் பாதித்தவர்களுக்கு ஒழுகுவதைவிடப் பெரிய ஆபத்து சிறுநீரகத்துக்கு. இவர்கள் தாளில் முதலில் பார்க்க வேண்டியது நிரப்பும் பகுதி.

சிறுநீர்ப்பை நிரம்பும்போது அழுத்தம் ஏறாமல் விரிந்துகொடுக்க வேண்டும். நிரப்பிய அளவை டெட்ரூசர் அழுத்தம் ஏறிய அளவால் வகுங்கள். 520 மி.லி.க்கு அழுத்தம் 2இலிருந்து 12 என்றால் 52, நல்ல பை. 240 மி.லி.க்கு 2இலிருந்து 32 என்றால் வெறும் 8, இறுகிய பை. பொதுவாக 30க்கு மேல் இருந்தால் நிம்மதி, 10ஐ நெருங்கினால் சிறுநீரக ஸ்கேன் அவசரம். முடிவு அழுத்தத்தைப் பையின் சுருக்கம் ஏதும் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும், சுருக்கத்தின் உச்சியில் எடுத்தால் நல்ல பையும் இறுகியதாகத் தெரியும்.

இங்கே இரண்டு பொறி. ஒன்று, வேகமாக நிரப்பினால் அழுத்தம் பொய்யாக ஏறும். பம்ப்பை நிறுத்திக் காத்திருங்கள். கோடு இறங்கினால் வேகத்தின் குற்றம், இறங்காமல் நின்றால் பையின் குற்றம். இயல்பான சுரப்பின் உச்ச வரம்பு உடல் எடையை நாலால் வகுத்தது, 60 கிலோ ஆளுக்கு நிமிடத்துக்கு 15 மி.லி. நரம்பு நோயாளிக்கு மெதுவாகவே நிரப்ப வேண்டும். இரண்டாவது பொறி பெரியது. பையின் வெளிவாய் தளர்ந்து ஒழுகினாலோ, சிறுநீர் மேலே சிறுநீரகத்துக்கு ஏறினாலோ, அழுத்தம் அந்த வழியாக வடிந்துவிடும். தாளில் கோடு அழகாகத் தட்டையாக இருக்கும், உள்ளே பை இறுகிப்போயிருக்கும். தாளில் "ஒழுகல்" குறியீடு எத்தனை மி.லி.யில் இருக்கிறது என்று பார்க்காமல் தட்டைக் கோட்டைப் பாராட்டாதீர்கள்.

முதுகுத்தண்டு பிளவோடு பிறந்த குழந்தைகளை வைத்து மெக்குவையர் குழு 1981இல் எழுதியதிலிருந்து 40 செ.மீ. நீர் என்ற எல்லை எல்லாருக்கும் பழக்கம். அந்த அழுத்தத்துக்கு மேல் போன பிறகே ஒழுகும் பை சிறுநீரகத்தைக் கெடுக்கும். 40க்குக் கீழ் என்றால் பாதுகாப்பு உறுதி என்று அதைத் திருப்பிப் போட்டுப் படிக்க வேண்டாம்.

மார்புத் தண்டுவடம் ஆறாம் எண்ணிலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்கு நிரப்பும்போது இரத்த அழுத்தத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டும். தலைவலி, வியர்வை, இரத்த அழுத்தத் தாவல் என்றால் பம்ப்பை நிறுத்தி, உட்கார வைத்து, பையை உடனே காலியாக்க வேண்டும். கிளினிக்கில் குழாய் அடைத்தாலும் இதே ஆபத்துதான்.

மிஸ்ஸி_பேராக்

பெண்கள் தாளை ஆண்கள் கணக்கில் போடாதீர்கள். பல பெண்கள் இடுப்பு அடித்தளத் தசையைத் தளர்த்தியே பெய்துவிடுவார்கள், டெட்ரூசர் 10, 15 என்றுதான் காட்டும், வேகம் 20க்கு மேல் போகும். பல எண் கணக்கைப் போட்டுப் "பலவீனம்" என்று எழுதிப் பயமுறுத்த வேண்டாம்.

இன்னொரு பொய்ச் சுருக்கமும் உண்டு. மலக்குடல் தானாகச் சுருங்கினால் வயிற்றுக் கோடு ஏறும், டெட்ரூசர் கோடு பள்ளம் விழும். பள்ளம் முடிந்து மேலே வருவதைப் பையின் சுருக்கம் என்று படித்துவிடுவார்கள். எப்போதும் மூன்று கோட்டையும் சேர்த்துப் பாருங்கள். சிறுநீர்ப்பைக் கோடு அசையாமல் டெட்ரூசர் மட்டும் அசைந்தால் அது பையின் வேலை அல்ல.

இளம் வயதில் 80, 100 மி.லி.யிலேயே வலி தாங்காமல் நிறுத்தச் சொல்பவரிடம் கெட்டமின் என்ற போதைப்பொருளைப் பயன்படுத்தினாரா என்று தனியாக, குற்றம் சாட்டாமல் கேளுங்கள். அந்தப் பொருள் பையைச் சுருக்கிவிடும்.

சிப்புட்_கிளினிக்

நிறையத் தெளிவு கிடைத்தது. அப்படியானால் அந்த 64 வயது ஆளின் தாளில், தனியாகப் பெய்தபோது 9, குழாயோடு 6 என்று வேகம் வேறுபடுகிறதே, எதை எடுப்பது?

ஈப்போ_யூரோ

மெல்லிய குழாயே பாதையில் கொஞ்சம் இடம் பிடிக்கும், கூச்சம் வேறு. தனியாகப் பெய்ததில் மீதம் 80தான், குழாயோடு 210. அப்படியானால் 210 என்ற மீதத்தை வைத்து அவருக்குத் தானே குழாய் போட்டுச் சிறுநீரை வடிக்கும் பழக்கம் சொல்லிக்கொடுக்கக் கிளம்ப வேண்டாம். தனி ஃப்ளோதான் அவர் வீட்டில் பெய்வதற்கு நெருக்கமானது. தாளைத் தூக்கிக்கொண்டு அவரையே கேளுங்கள்: "இன்னிக்கு இங்கே பெய்தது வீட்டில் பெய்ற மாதிரியா இருந்தது?" இல்லை என்றால் அந்த எண்களுக்கு மதிப்புக் குறைவு.

உச்ச வேகத்தையும் கண்ணால் சரிபாருங்கள். மெஷின் மிக உயர்ந்த ஒற்றை முனையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு விநாடிகூட நிற்காத ஊசிமுனை என்றால் அது புனலைத் தட்டியது, அல்லது தாரை புனலின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்தது. இரண்டு விநாடி நீடிக்கும் உயரத்தையே எடுங்கள். பெய்த அளவு 150 மி.லி.க்குக் கீழ் என்றால் ஃப்ளோ தாளை ஒதுக்கிவைத்து மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

இவருக்கு இப்போதைக்கு: அறுவை முடிவைத் தள்ளிவையுங்கள், மலச்சிக்கலைப் போக்குங்கள், அமிட்ரிப்டிலின் எடுத்தால் மாற்ற முடியுமா பாருங்கள், உணர்வு வராவிட்டாலும் கடிகாரம் பார்த்து 3, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு முறையாகப் பெய்யச் சொல்லுங்கள். மறு டெஸ்டுக்கு எழுதும்போது "பின் இருமலில் வயிற்றுக் கோடு பாதிதான், அழுத்த-வேகப் பகுதியை மட்டும் மறுபடி செய்யவும்" என்று ஒரே வரியில் எழுதுங்கள்.

சிப்புட்_கிளினிக்

மிஸ்ஸி, அனுப்பும்போது ஆளிடம் என்ன சொல்லி அனுப்ப வேண்டும்?

மிஸ்ஸி_பேராக்

முதல் நாள் வயிற்றைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்க. 3 நாள் நோட்டு, மருந்துப் பை இரண்டும் கையில் இருக்கணும். காய்ச்சல், எரிச்சல் இருந்தால் சிறுநீர் டெஸ்ட் செய்து, கிருமி இருந்தால் தேதியை மாற்றுங்க. பையை அடக்கும் மாத்திரையை நிறுத்தணுமா என்பதை நீங்களே போன் செய்து கேளுங்க, ஆளின் முடிவுக்கு விடாதீங்க. மாத்திரை வேலை செய்கிறதா என்பதே கேள்வியாக இருந்தால் நிறுத்தவே கூடாது.

அப்புறம் இது முக்கியம். சிப்புட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவங்க ஈப்போவில் இறங்கியதும் பஸ் நிலையத் தாண்டாஸுக்குப் போயிட்டு, "மிஸ்ஸிக்குச் சிரமம் வேண்டாம்"னு காலி செய்துட்டு வர்றாங்க. ஃப்ளோ மெஷினில் 60, 70 மி.லி.தான் விழும், அந்த நாள் வீண். பஸ் ஏறும் முன் போகட்டும், வந்து இறங்கியதும் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கட்டும், அதற்கப்புறம் எங்கேயும் போகாமல் நேராக எங்கள் கவுண்டருக்கு வந்து "எனக்கு வருது"ன்னு சொல்லட்டும். வரிசையில் யார் இருந்தாலும் முதலில் அவரைத்தான் உள்ளே அனுப்புவோம்.